மின்கருவிகளும் கருவிப்பைகளும் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைப் பட்டறையிலேயே சோதிப்பது எப்படி?

கேள்வி: கிரில் பட்டறை, திண்டுக்கல்

வணக்கம். நான் திண்டுக்கல்லில் இரும்புக் கதவு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். என்னுடன் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நான்கு அங்குல கிரைண்டர்கள் பட்டறைக்குள் நாள் முழுவதும் ஓடும். வெளியிடங்களில் கிரில் பொருத்தும் வேலைக்கு எஸ்.டி.எஸ். வகை (பிட்டைச் செருகினால் தானே பூட்டிக்கொள்ளும்) ஹாமர் டிரில் இரண்டு வைத்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு, இணையத்தில் நிறைய நட்சத்திரங்கள் பெற்றிருந்த ஒரு ஹாமர் டிரில்லை நம்பி வாங்கினேன். நாற்பதாவது நாள், ஒரு மாடி வீட்டில் பால்கனிக் கைப்பிடிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது அதிலிருந்து புகை வந்தது. ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் சுருள் பகுதி) கருகிவிட்டது, உதிரிபாகம் வர இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன நாளில் அந்த வேலையை முடித்துக் கொடுக்க முடியவில்லை. பிறகு அந்த மதிப்புரைகளை உட்கார்ந்து மறுபடியும் படித்துப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாமே பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்பட்டவை. பிடிமானம் நன்றாக இருக்கிறது, எடை குறைவு, தோற்றம் அழகு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இது எத்தனை நாள் உழைத்தது என்று எழுதியவர் ஒருவரும் இல்லை.

ஆகவே இந்த முறை நானே சோதித்து, எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் படிக்கும்படி தமிழில் எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். வெவ்வேறு நிறுவனங்களின் 850 வாட் கிரைண்டர்கள் இரண்டையும், கருவிப்பைகள் இரண்டையும் என் சொந்தப் பணத்தில் கடையில் வாங்கியிருக்கிறேன். மூன்று மாதங்கள் ஓட்டிப் பார்க்க எண்ணம். எதை அளக்க வேண்டும், எப்படி அளந்தால் இரண்டுக்கும் நியாயமாக இருக்கும், மேலேயிருந்து போட்டுப் பார்ப்பது சரியான சோதனையா, பைகளை எப்படிச் சோதிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ரீவைண்டிங் மேசை, கோவை

வணக்கம் தம்பி. இருபத்தாறு ஆண்டுகளாக ரீவைண்டிங், அதாவது கருகிய மோட்டார்களுக்குப் புதிதாகச் சுருள் சுற்றும் வேலை, செய்து வருகிறேன். ஓடாமல் நின்றுபோன மிஷின்கள்தான் என் மேசைக்கு வருகின்றன என்பதால், எது முதலில் போகிறது, எதனால் போகிறது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

கிரைண்டரில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். சுற்றும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தை உரசிக் கொடுக்கும் சிறு கார்பன் கட்டைகள், அதாவது கார்பன் பிரஷ்கள், அதில் இருக்கும். சுமை இல்லாதபோது அது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று அளவில் ஓடும். ஆர்மேச்சர் தண்டிலேயே பொருத்திய விசிறி, பின்புறத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்துச் சுருள்களின் மேல் ஓட்டி, கியர் பெட்டிப் பக்கமாக வெளியே தள்ளுகிறது. ஆள் அழுத்தி வெட்டும்போது வேகம் குறைகிறது. வேகம் குறையும்போது மின்னோட்டம் ஏறுகிறது. அதே நேரத்தில் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் காற்று குறைந்துவிடுகிறது. சூடு கூடுவதும் குளிர்ச்சி குறைவதும் ஒன்றாக நடக்கும் அந்த நேரத்தில்தான் சுருள் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் கருகி, சுருள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகிறது. உங்கள் ஹாமர் டிரில்லுக்கும் இதுவே நடந்திருக்கக்கூடும். அழுத்தி வெட்டிய பிறகு உடனே நிறுத்தாமல் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

அளக்க வேண்டியவற்றில் முதலாவது கார்பன் பிரஷ். புதிதாக இருக்கும்போதே அதன் நீளத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு பிரஷ்களும் ஒரே அளவில் தேய வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்தால் ஸ்பிரிங்கையோ ஹோல்டரையோ சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது கம்யூட்டேட்டர், அதாவது ஆர்மேச்சர் தண்டில் பிரஷ்கள் உரசி ஓடும் செம்புப் பட்டைகளின் வளையம். நல்ல மிஷினில் அது சீரான காப்பிப்பொடி நிறத்தில் பளபளப்பாக இருக்கும். சில பட்டைகள் மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சுருளில் கோளாறு தொடங்கிவிட்டது என்று பொருள். ஓடும்போது பிரஷின் ஓரத்தில் சிறு நீலப்பொறி தெரிவது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாகத் தீ ஓடினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது சூடு. வெளிக்கூட்டைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. செம்பின் மின்தடை, சூடு ஏற ஏறக் கணக்காக ஏறும். காலையில் மிஷின் குளிர்ந்திருக்கும்போது ஃபீல்டு காயிலின் (ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் இருக்கும் சுருள்) தடையை அளந்துகொண்டு, பத்து நிமிடம் விடாமல் வெட்டியபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே மறுபடி அளக்க வேண்டும். காலையில் 30 டிகிரியில் 4.0 ஓம் இருந்தது வெட்டியபின் 5.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், தடை 30 விழுக்காடு ஏறியிருக்கிறது. செம்புக்கென்று உள்ள மாறா எண்ணான 234.5 உடன் 30-ஐக் கூட்டி, அதை 0.3 ஆல் பெருக்கினால் 79 வருகிறது. அதாவது சுருளின் சராசரிச் சூடு ஏறத்தாழ 109 டிகிரி. சுருளின் மின்காப்பு பி வகுப்பாக இருந்தால் 130 டிகிரியும், எஃப் வகுப்புக்கு 155 டிகிரியும் எல்லை. மீட்டர் ஒயரின் தடையை மறவாமல் கழித்துக்கொள்ளுங்கள். நான்கு ஓம் அளக்கும்போது அதுவே கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு திருகைக் கழற்றினால் பின்மூடி திறக்கும் மாடல்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். அளப்பதற்காக ஒயரை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு மிஷினை ஓட்டவே கூடாது. மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம். அதற்குத் தயாராக இருந்தால்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

பேரிங்கையும் பாருங்கள். இரும்பு மூடி போட்ட பேரிங்கில் மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. நுண்ணிய தூசி அதன் வழியாகப் போய் கிரீஸை அரைக்கும் மாவாக்கிவிடும். ரப்பர் சீல் போட்டதில் உதடு உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேரிங்கின் மேல் இரண்டு இசட் எழுத்துகள் இருந்தால் முதல் வகை, ஆர்.எஸ். என்று இருந்தால் இரண்டாம் வகை. விலையில் சில பத்து ரூபாய்தான் வித்தியாசம் என்றாலும், மிஷினைச் செய்தவர் எந்த வேலையை மனத்தில் வைத்துச் செய்தார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பதில் 2: கட்டடப் பொறியாளர், சென்னை

முன்னவர் மிஷினின் உள்ளே பார்க்கச் சொன்னார். வெளியே உள்ள சூழ்நிலையை இரண்டு மிஷின்களுக்கும் ஒன்றாக வைக்காவிட்டால் அந்த அளவுகளை ஒப்பிட முடியாது என்பதால், அதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்கிறேன்.

முதலில் தரச்சான்றைப் பற்றி. கையில் பிடித்து இயக்கும் மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 62841 தரநிலையில் ஓர் உழைப்புச் சோதனை இருக்கிறது. குறித்த மின்னழுத்தத்தைப் போல 1.1 மடங்கில் 24 மணி நேரமும், 0.9 மடங்கில் 24 மணி நேரமும், 100 வினாடி ஓட்டம், 20 வினாடி ஓய்வு என்ற முறையில் மிஷினை ஓட்டுவார்கள். ஆனால் அது சுமை இல்லாத ஓட்டம். கான்கிரீட் தரையில் 1 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை போட்டுப் பார்க்கும் சோதனையும் அதில் உண்டு. அதன்பின் மின்சாரம் தாக்காத நிலையிலும் அபாயமில்லாத நிலையிலும் கருவி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். முன்போல வேலை செய்கிறதா என்பதை அல்ல. சான்று பெற்ற மிஷின் ஆளைக் காப்பாற்றும் என்று நம்பலாம். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. மேலேயிருந்து போட்டுப் பார்ப்பதை நீங்கள் வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் அது தானாக விழும். விழுந்த நாளைக் குறித்துவையுங்கள். விழும்போது மாட்டியிருந்த சக்கரத்தைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு அதை மறுபடி ஓட்டினால் முகத்தின் மேல் தெறிக்கும்.

இரண்டாவது எக்ஸ்டென்ஷன் ஒயர். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரை 50 மீட்டருக்கு இழுத்தால், போகவர 100 மீட்டர் செம்புக்கு ஏறத்தாழ 2.6 ஓம் தடை வரும். 4 ஆம்பியர் இழுக்கும் கிரைண்டருக்குப் பத்து வோல்ட்டுக்கு மேல் அந்த ஒயரிலேயே போய்விடும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு அதில் பாதிதான். மின்னழுத்தம் குறைந்தால் வேகம் குறையும், ஆள் இன்னும் அழுத்துவார், பிறகு நடப்பதை முன்னவர் விளக்கிவிட்டார். ஒரு மிஷினைச் சுவர் பிளக்கிலும் மற்றதை நீண்ட ஒயரிலும் ஓட்டிவிட்டு ஒப்பிட்டால் அது ஒயரைச் சோதித்ததாகத்தான் இருக்கும்.

மூன்றாவது ஆள். இதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவர் சக்கரத்தின் போக்கில் விட்டு வெட்டுவார். இன்னொருவர் உடம்பு எடையை அதன்மேல் போடுவார். ஆகவே வாரம் ஒரு முறை இரண்டு மிஷின்களையும் ஆள் மாற்றிக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை யாராலும் நினைவில் வைத்துச் சொல்ல முடியாது என்பதால், பிளக்கில் செருகி யூனிட் காட்டும் சிறு மீட்டரை ஒவ்வொரு மிஷினுக்கும் ஒன்றாக வையுங்கள். மிஷின் இழுத்த மொத்த யூனிட், மணி நேரத்தைவிட அது பட்ட பாட்டை நன்றாகச் சொல்லும்.

நான்கு அங்குல மிஷினில் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குலச் சக்கரம் மாட்டுகிற பழக்கம் உங்கள் பட்டறையில் இருந்தால், சோதனைக்காக மட்டுமன்றி எப்போதைக்குமாக அதை நிறுத்திவிடுங்கள். விளிம்பு வேகம் நொடிக்கு 80 மீட்டர் வரை தாங்கும்படி செய்த 100 மில்லிமீட்டர் சக்கரத்தின் மேல் நிமிடத்துக்கு 15,300 சுற்று என்று எழுதியிருக்கும். 125 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அது 12,200-தான். மிஷினின் வேகத்துக்கும் அந்த எல்லைக்கும் இடையே இருக்கும் இடம் எவ்வளவு குறுகிவிடுகிறது என்று பாருங்கள்.

பதில் 3: பை தைக்கும் கூடம், மதுரை

வணக்கம் அண்ணா. பள்ளிப் பை, பயணப் பை, கருவிப்பை எல்லாம் தைக்கும் கூடத்தை நானும் என் தங்கையும் நடத்துகிறோம். பைகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

துணியில் 600 டீனியர், 1680 டீனியர் என்று அட்டை ஒட்டியிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். அது நூலின் பருமனைச் சொல்லுமே தவிர, நைலானா பாலியெஸ்டரா, நெசவு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லாது. 1,000 டீனியர் நைலான் பை, 1680 டீனியர் பாலியெஸ்டர் பையைவிட அதிக நாள் தரையில் உரசித் தாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அட்டையை வைத்துப் பையை எடைபோடாதீர்கள்.

கிழிந்து எங்களிடம் தைக்க வரும் கருவிப்பைகளில் துணி நடுவில் கிழிந்தது அரிது. கைப்பிடி நாடா பையோடு சேரும் இடம், ஜிப்பின் இரண்டு முனைகள், அடிப்பக்க மூலை ஆகிய மூன்றில் ஒன்றில்தான் போயிருக்கும். வாங்கியவுடன் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். வெட்டிய துணியின் ஓரம் நாடாவால் மூடித் தைக்கப்பட்டிருக்க வேண்டும்; பிசிறு தொங்கினால், அது ஒவ்வொரு நாளும் ஒரு நூலாகப் பிரிந்து கடைசியில் தையலையே விட்டுவிடும். கைப்பிடி நாடா மேல்பக்கத்தில் மட்டும் ஒட்டி நிற்கிறதா, அல்லது பையின் அடியைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள். அடியைச் சுற்றி வந்தால் எடையை நாடாவே சுமக்கும். மேலே மட்டும் நின்றால் நான்கைந்து அங்குலத் தையல்தான் முழு எடையையும் சுமக்க வேண்டும். அந்த இடத்தில் சதுரமாகவும் அதற்குள் குறுக்காகவும் தைத்திருந்தால் இழுப்பு பல திசைகளில் பிரிந்துவிடும்.

தையல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். கனமான நாடாவில் அது தவறு. ஊசித்துளைகள் மிக நெருங்கி ஒரே கோட்டில் விழுந்தால், தபால்தலை கிழிவதைப் போல நாடா அந்தக் கோட்டிலேயே கிழியும். கனமான நூல் போட்டு அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் போடுவதே எங்கள் கூடத்தின் வழக்கம்.

ஜிப்பில் 5, 8, 10 என்ற எண்கள் ஏறத்தாழ மூடிய பல்வரிசையின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கின்றன. கருவிப்பைக்கு 8-க்குக் கீழே வேண்டாம். உங்கள் பட்டறையில் இரும்புத்தூள் பறக்கும்; அது பல்லுக்குள் புகுந்து ரன்னரைத்தான் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் பகுதி) முதலில் தேய்க்கும். ரன்னர் தாண்டிய பிறகும் பல் பிளந்து நின்றால், பல் நன்றாகத்தான் இருக்கும், ரன்னரின் வாய் அகன்றிருக்கும். புது ரன்னர் போட்டால் பை பிழைத்துக்கொள்ளும்.

சோதனைக்கு இரண்டு பைகளிலும் ஒரே எடையை, 12 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம், போடுங்கள். நாளுக்கு ஐம்பது முறை தரையிலிருந்து வெடுக்கென்று தூக்கி இறக்கச் சொல்லுங்கள். கைப்பிடித் தையலை வாரம் ஒரு முறை செல்பேசியில் ஒரே தூரத்திலிருந்து படம் எடுங்கள். ஒரு தையல் அறுந்தாலும் படத்தில் தெரியும். மழைக்காலத்தில் உள்பக்கப் பூச்சு உரிந்து ஒட்டுகிறதா என்பதையும் பாருங்கள். பாலியூரித்தேன் பூச்சை ஈரமும் சூடும் சேர்ந்து சிதைக்கும். ஆனால் அதைப் பார்க்க மூன்று மாதம் போதாது என்பதையும் உங்கள் மதிப்புரையில் எழுத வேண்டும்.

பதில் 4: கிரில் பட்டறை, திண்டுக்கல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏழு வாரங்கள் ஓடிவிட்டன. நீங்கள் சொன்னபடியே வாரம் ஒரு முறை ஆள் மாற்றி, இரண்டுக்கும் ஒரே நீளத்தில் 1.5 ஒயர் போட்டு, யூனிட் மீட்டர் வைத்து ஓட்டினேன். பெயர்களை மூன்று மாதம் முடிந்தபின் எழுதுகிறேன். இப்போதைக்கு அ, ஆ என்று வைத்துக்கொள்வோம்.

நாற்பது மணி நேர ஓட்டத்தில் அ மிஷினின் பிரஷ் 14.2 மில்லிமீட்டரிலிருந்து 12.6 ஆகியிருக்கிறது. ஆ மிஷினில் 14.0 இருந்தது 10.7 ஆகிவிட்டது. அதாவது ஆ இரண்டு மடங்கு வேகமாகத் தேய்கிறது. இரண்டிலும் இரண்டு பிரஷ்கள் சமமாகத்தான் தேய்ந்திருக்கின்றன. யூனிட் கணக்கிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே அ மிஷினே அதிக நாள் உழைக்கும் என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பைகளில் ஒன்று முப்பத்தோராம் நாள் போய்விட்டது. மதுரைச் சகோதரி சொன்னது போலவே கைப்பிடி நாடா மேல்பக்கத்தில் மட்டும் நின்ற பை அது. துணியிலோ நூலிலோ சேதம் இல்லை. நாடா, தையல் போன கோட்டிலேயே நேராகக் கிழிந்து வந்துவிட்டது. கிழிந்த ஓரத்தில் ஊசித்துளைகளை எண்ணிப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு இருந்தன.

பதில் 5: ரீவைண்டிங் மேசை, கோவை

அவசரப்பட வேண்டாம் தம்பி. கார்பன் பிரஷ் என்பது தேய்வதற்கென்றே வைத்த பொருள். ஜோடி நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். நீங்களே ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கம்யூட்டேட்டர் தேய்ந்தால் ஆர்மேச்சரையே மாற்ற வேண்டும், அதற்கு மிஷின் விலையில் பெரும்பங்கு போய்விடும். கடினமான கார்பன் போட்டால் பிரஷ் அதிக நாள் வரும். ஆனால் சில மிஷின்களில் அந்தத் தேய்மானம் செம்பின் மேல் போய் விழும். ஆகவே பிரஷின் நீளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால், கெடுதல் செய்கிற மிஷினுக்கே முதலிடம் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

பிரஷைக் கழற்றிவிட்டு, ஹோல்டர் வழியாக டார்ச் அடித்துக் கம்யூட்டேட்டரைப் பாருங்கள். தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, மரத்தாலான பல்குச்சி போன்ற ஏதாவது ஒன்றின் முனையைப் பிரஷ் ஓடும் தடத்துக்குக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். விளிம்பில் குச்சி தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. இரும்புக் கம்பியைப் பயன்படுத்த வேண்டாம். செம்பில் கீறல் விழும்.

பதில் 6: கிரில் பட்டறை, திண்டுக்கல்

நேற்று இரவு பட்டறையைச் சாத்திய பிறகு இரண்டையும் திறந்து பார்த்தேன். ஆ மிஷினில் கம்யூட்டேட்டர் சீரான பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக இருக்கிறது. மூங்கில் குச்சியை எப்படி இழுத்தாலும் தடங்கல் இல்லை. அ மிஷினில் பிரஷ் ஓடும் தடத்தின் இரண்டு விளிம்புகளிலும் குச்சி தட்டி நிற்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தின் நிழலே தெரிகிறது. செம்புத்தூள் ஹோல்டர் ஓரத்தில் மினுமினுத்தது.

என் அட்டவணையில் அ-வுக்கு எதிரே எழுதியிருந்த தீர்ப்பை அடித்துவிட்டு, கம்யூட்டேட்டர் பள்ளம் என்று புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன். ஆ மிஷினுக்கு மாற்றுப் பிரஷ் ஒரு ஜோடி இன்று வாங்கி வைத்துவிட்டேன். உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தது. அதே கடையில் அ மிஷினுக்கு ஆர்மேச்சர் இருக்கிறதா என்று கேட்டேன். சென்னையிலிருந்துதான் வரவேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பதிலையும் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன். மீதி ஐந்து வாரங்களும் முடிந்தவுடன் பெயர்களோடும் படங்களோடும் இங்கேயே பதிவிடுகிறேன்.